அத்தியாயம் 7: கரிசலில் ஒரு டிஸ்கோன்

ஒரே ஆன்டெனாவில் எல்லாம் கேட்க வேண்டும் என்ற ஆசை ரேடியோப் பைத்தியம் பிடித்த எல்லோருக்கும் வருவதுதான். அமெச்சூர்கள் பேசும் 145, 435 மெகாஹெர்ட்ஸ், வானிலைச் செயற்கைக்கோள் படம் அனுப்பும் 137, காட்டில் நட்டுவைத்த ஈரப்பத சென்சார் பேசும் 866 எல்லாவற்றையும் ஒரே கம்பத்தில் ஒரே கேபிளில் இறக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். கடையில் கேட்டால் டிஸ்கோன் ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். பெட்டியின் மேல் 25 முதல் 1300 மெகாஹெர்ட்ஸ் வரை என்று அச்சடித்திருக்கும். அது பொய் இல்லை, பாதி உண்மை. கேபிளில் வருகிற சக்தியை ஆன்டெனா திருப்பி அனுப்பாமல் வாங்கிக்கொள்ளும் என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. வாங்கியதை எந்தப் பக்கம் அனுப்புகிறது என்பதைப் பெட்டி சொல்லாது.

இந்த அத்தியாயத்தில் கழுகுமலை, கோவில்பட்டி வட்டாரத்துக்கு ஏற்ற ஒரு டிஸ்கோனை அளவெடுத்துச் செய்வோம். பிறகு அதன் கதிர்வீச்சுக் கோலத்தைப் படிக்கப் பழகுவோம். முதல் வேலையை ஒரு லேத் பட்டறையில் அரை நாளில் முடித்துவிடலாம். இரண்டாவதுக்குத்தான் பொறுமை வேண்டும், பலனும் அதில்தான் இருக்கிறது.

மீட்டர் சொல்வது என்ன?

ஆன்டெனா செய்கிறவர்கள் முதலில் பார்ப்பது எஸ்.டபிள்யூ.ஆர். அது 1.5 என்றால் போன சக்தியில் 4 சதவீதம் திரும்பி வருகிறது. 2 என்றால் 11 சதவீதம், 3 என்றால் 25 சதவீதம். 2க்குக் கீழே இருந்தால் எந்தக் கவலையும் வேண்டாம். கேட்பதற்கு மட்டும் என்றால் 3 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனால் கேபிளின் முனையில் 50 ஓம் மின்தடை ஒன்றைப் பற்றவைத்தாலும் மீட்டர் 1 என்று காட்டும். எல்லா அலைவரிசையிலும் காட்டும். அந்த மின்தடை பக்கத்துத் தெருவுக்குக்கூடப் பேசாது, சூடாகும், அவ்வளவுதான். எனவே எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாக இருப்பது ஆன்டெனா நன்றாக இருப்பதற்குச் சான்று ஆகாது. அகலப்பட்டை ஆன்டெனா விற்பவர்கள் இந்த ஓட்டையில்தான் பிழைக்கிறார்கள்.

கம்பி ஏன் போதாது? கூம்பு ஏன்?

திருநெல்வேலி வானொலி 1197 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. அலைநீளம் சுமார் 250 மீட்டர். செங்குத்தாக நிற்கும் கோபுரமே அங்கே ஆன்டெனா. சுற்றிலும் எல்லாத் திசைக்கும் சமமாக அனுப்புகிறது, ஆனால் அந்த ஒரு அலைவரிசைக்குத்தான் அது பொருந்தும். மெல்லிய கம்பியில் செய்த இருமுனை ஆன்டெனாவும் அப்படியே: 145க்கு வெட்டினால் சில மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு மட்டும் நன்றாக வேலை செய்யும். கம்பிக்கு நீளம் என்று ஒன்று இருப்பதுதான் காரணம். அலைநீளம் அந்த நீளத்தோடு ஒத்துப்போகும் இடத்தில் மட்டும் அது இசைந்து கொடுக்கும்.

இரண்டு கூம்புகளை முனையோடு முனை எதிரெதிராக வைத்து, நடுவில் ஊட்டினால் கதை மாறுகிறது. முடிவே இல்லாமல் நீளும் கூம்புக்கு நீளம் என்ற அளவு கிடையாது, கோணம் மட்டுமே உண்டு. கோணத்துக்கு அலைநீளம் தெரியாது. அதனால் எந்த அலைவரிசையிலும் ஒரே மின்மறுப்பைக் காட்டும். ஆலிவர் லாட்ஜ் 1898இல் பெற்ற காப்புரிமையிலேயே கூம்பு ஆன்டெனா இருக்கிறது. பிறகு பல ஆண்டுகள் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மேல் கூம்பை அடியோடு விரித்துத் தட்டையான தட்டாக்கி, கீழ்க் கூம்பை அப்படியே விட்டால் டிஸ்கோன். இதற்கு 1945 பிப்ரவரியில் ஆர்மிக் கண்டோயனுக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

கணக்கு எளிது. தட்டுக்கு எதிரே நிற்கும் கூம்பின் மின்மறுப்பு, 60ஐ கூம்பின் அரைக்கோணத்தில் பாதியின் கோட்டேன்ஜென்டுடைய இயல்மடக்கையால் பெருக்கினால் வருவது. அரைக்கோணம் என்றால் நடு அச்சுக்கும் கூம்பின் பக்கத்துக்கும் இடையே உள்ள கோணம். அது 47 பாகை என்றால் 50 ஓம், 30 பாகை என்றால் 79 ஓம். இது முடிவில்லாத கூம்புக்கான கணக்கு. நாம் கூம்பை வெட்டி நிறுத்துகிறோம், தட்டையும் சிறிதாக்குகிறோம். அதனால் 30 பாகைக் கூம்பே நடைமுறையில் 50 ஓம் கேபிளோடு ஒத்துப்போகிறது.

வெட்டி நிறுத்தும் இரண்டு இடங்கள்தான் எல்லைகளைத் தீர்மானிக்கின்றன. கூம்பின் பக்க நீளம் கீழ் எல்லையை முடிவு செய்கிறது. ஊட்டும் முனை எவ்வளவு கூர்மை, தட்டுக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்பது மேல் எல்லையை முடிவு செய்கிறது. நீளத்தை விடப் பட்டறைக்காரர் கவனிக்க வேண்டியது முனையைத்தான். நீளத்தில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் குடி முழுகாது. முனையில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் மேல் அலைவரிசைகளில் தெரியும்.

அளவுகள்

கீழ் எல்லையை 108 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 300ஐ 108ஆல் வகுத்தால் அலைநீளம் 2.78 மீட்டர். அதில் கால் பங்கு 69.4 சென்டிமீட்டர். கூம்பின் பக்க நீளத்தை 70 என்று எடுத்துக்கொள்ளுங்கள். அரைக்கோணம் 30 பாகை என்பதால் கூம்பின் அடி விட்டமும் 70 சென்டிமீட்டர்தான், தனியாகக் கணக்கிட வேண்டியதில்லை. தட்டின் விட்டம் அடி விட்டத்தில் 0.7 பங்கு: 49 சென்டிமீட்டர். கூம்பின் உச்சி விட்டம் 25 மில்லிமீட்டர் என்றால், தட்டுக்கும் உச்சிக்கும் இடைவெளி அதில் 0.3 பங்கு: 7.5 மில்லிமீட்டர்.

தகரத்தில் முழுக் கூம்பு செய்யாதீர்கள். ஆடிக்காற்று அதை நிற்க விடாது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து கயத்தாறு காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்று இங்கேயும் அதே காற்றுதான். 6 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பியில் கூம்புக்கு எட்டு, தட்டுக்கு எட்டு போதும். மொத்தம் ஏழரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். எடை அறுநூறு கிராமுக்குள் அடங்கும். கம்பிகள் பொருந்தும் இரண்டு குமிழ்களையும் பித்தளையிலோ அலுமினியத்திலோ கடைந்து வாங்குங்கள். பித்தளைக் குமிழில் அலுமினியக் கம்பி என்றால் இரண்டும் தொடும் இடம் மழைக்காலத்தில் பூத்துவிடும். ஒரே உலோகமாக இருப்பது நல்லது. இல்லையென்றால் மூட்டுகளில் கிரீஸ் தடவி, மேலே சிலிகான் பூசுங்கள்.

தட்டைத் தாங்கும் இன்சுலேட்டருக்கு டெஃப்லான் சிறந்தது, விலைதான் கடிக்கும். காய் நறுக்கும் கெட்டியான வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையிலிருந்து வெட்டிக் கடைந்தால் அதே வேலையைச் செய்யும். நைலான் ஈரத்தை உறிஞ்சும், அது வேண்டாம். கனெக்டரின் நடு ஊசிமேல் தட்டின் பாரத்தை ஏற்றக் கூடாது. பாரத்தை இன்சுலேட்டர் தாங்க வேண்டும், ஊசி தொட்டால் போதும்.

கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்.ஜி. 58 என்ற மெல்லிய கேபிளில் 20 மீட்டர் ஓட்டினால் 100 மெகாஹெர்ட்ஸில் 3 டெசிபல் போகும், அதாவது பாதி. 868இல் 10 டெசிபலுக்கும் மேலே போகும், பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. கேட்பதற்கு மட்டும் என்றால் கேபிள் டிவிக்காரர் போடும் ஆர்.ஜி. 6 போதும். அது 75 ஓம்தான், ஆனால் அதனால் வரும் எஸ்.டபிள்யூ.ஆர். 1.5 மட்டுமே. இழப்போ ஆர்.ஜி. 58இல் பாதிகூட இல்லை. ஊர் ஊராகக் கிடைக்கிறது. நூல்களில் 50 ஓம் என்று எழுதியிருப்பதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு மோசமான கேபிளை வாங்க வேண்டாம்.

வடையும் அதற்குப் பிறகும்

செங்குத்தாக நிறுத்திய அரை அலை இருமுனை ஆன்டெனாவின் கதிர்வீச்சை முப்பரிமாணத்தில் வரைந்தால் கிடைப்பது உளுந்து வடை. கம்பம் வடையின் ஓட்டை வழியாக மேலும் கீழுமாகப் போகிறது. படுக்கையாக, அடிவானத்தைப் பார்த்து, எல்லாப் பக்கமும் கதிர்வீச்சு சமம். நேர் மேலேயும் நேர் கீழேயும் ஒன்றும் இல்லை. எல்லாத் திசையிலும் பரவும் ஆன்டெனா என்று நாம் சொல்வது கிடைமட்டத்தில் மட்டுமே உண்மை. மேலும் கீழும் பார்த்தால் ஒவ்வொன்றும் திசை உள்ளதுதான்.

இந்த உருவத்தைக் காகிதத்தில் இரண்டு வெட்டாகக் கொடுப்பார்கள். கிடைமட்ட வெட்டு ஒரு வட்டம். செங்குத்து வெட்டு எட்டு என்ற எண்ணைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். விற்பனைத் தாளில் வட்டத்தைப் பெரிதாக அச்சிடுவார்கள், ஏனென்றால் அதில் ஒளிக்க எதுவும் இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது செங்குத்து வெட்டை. அதையும் எந்த அலைவரிசையில் எடுத்தது என்று கேளுங்கள். வெளி வட்டம் உச்ச அளவு, 0 டெசிபல். உள்ளே போகப் போகக் குறையும். உச்சத்திலிருந்து 3 டெசிபல் குறையும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள கோணமே கதிரின் அகலம். அரை அலை இருமுனைக்கு அது 78 பாகை. வளையங்கள் டெசிபலில் இருக்கின்றனவா, நேரளவில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். நேரளவில் வரைந்தால் பக்க மடல்கள் சுருங்கி, ஆன்டெனா ஒழுங்காக இருப்பதுபோலத் தெரியும். டெசிபலில் வரைந்தால் அதே ஆன்டெனாவின் குற்றங்கள் எல்லாம் வெளியே வரும்.

நம் டிஸ்கோன் 108 முதல் சுமார் 220 வரை இந்த வடையைத்தான் கொடுக்கும். உச்சம் அடிவானத்தில் இருக்கும். லாபமும் இருமுனையின் லாபத்தை ஒட்டியே, அதாவது 2 டெசிபல் அளவில் இருக்கும். 435க்கு வரும்போது அலைநீளம் 69 சென்டிமீட்டர், தட்டின் விட்டம் 49. இப்போது தட்டு அலைக்குப் பெரிதாகத் தெரியத் தொடங்குகிறது. தன் மேல்பக்கத்தை மறைக்கிறது. கதிர்வீச்சு தட்டுக்கும் கூம்புக்கும் நடுவே உள்ள வாயிலிருந்து வெளியேறி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்நோக்கிச் சாய்கிறது. 868இல் தட்டு ஏறக்குறைய ஒன்றரை அலைநீளம், கூம்பின் பக்கம் இரண்டு அலைநீளம். கதிர்வீச்சு பல மடல்களாக உடைந்து, பெரும்பகுதி அடிவானத்துக்குக் கீழே போய்விடும். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் இந்த நேரம் முழுவதும் 1.5, 1.7 என்று சிரித்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே அடிவானத்தில் இருப்பவரோடு பேச டிஸ்கோனைக் கீழ் எல்லையைப் போல மூன்று, நான்கு மடங்கு வரை நம்பலாம். அதற்கு மேலே பெட்டியில் அச்சிட்ட எண்ணை மறந்துவிடுங்கள். 865 முதல் 868 வரையுள்ள பட்டைக்குத் தனி ஆன்டெனா செய்துகொள்வதே சரி. 8.2 சென்டிமீட்டர் கம்பி ஒன்று நிமிர்ந்து, அதே நீளத்தில் நான்கு கம்பிகள் 45 பாகை சாய்ந்து கீழே. செலவு ஒரு கனெக்டர் விலை. இந்தப் பட்டைக்கு இந்தியாவில் உரிமம் வேண்டியதில்லை, ஆனால் 1 வாட் அனுப்புதிறன், 4 வாட் கதிர்வீச்சுத்திறன் என்ற வரம்பு உண்டு. முழு 1 வாட்டில் அனுப்பினால், இருமுனையைவிட 6 டெசிபலுக்கு மேல் லாபம் உள்ள ஆன்டெனா சட்டத்தை மீறிவிடும். 145, 435இல் அனுப்ப வேண்டுமானால் அமெச்சூர் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். கேட்டுப் பழகிய கையோடு மைக்கை எடுத்துவிடாதீர்கள்.

137 மெகாஹெர்ட்ஸில் வரும் வானிலைச் செயற்கைக்கோள்களுக்கும் டிஸ்கோன் அரைகுறைதான். தலைக்கு நேர் மேலே வரும்போதுதான் செயற்கைக்கோள் மிக அருகில் இருக்கும், படமும் தெளிவாக வர வேண்டிய நேரம் அது. டிஸ்கோனுக்கு அந்த இடத்தில்தான் ஓட்டை. எந்த ஊரில் வைத்தாலும், எவ்வளவு நல்ல கேபிள் போட்டாலும் படத்தின் நடுவே கோடு விழும். 120 பாகை விரித்துக் கிடைமட்டமாக வைத்த இரண்டு கம்பிகள் அதைவிட நல்ல படம் தரும்.

தலைகீழாக வைத்தால்?

கூம்பு மேலே, தட்டு கீழே என்று திருப்பினால் எல்லாம் திரும்பும். கதிர்வீச்சு அடிவானத்துக்கு மேலே எழும். வானத்தைப் பார்க்கிறவர்களுக்கு இது உதவும். இப்படித் திருப்பி வைத்த கூம்பு ஒன்று உலக அறிவியலில் பேர் வாங்கிய கதை நம் பக்கத்து மாநிலத்தில் நடந்தது.

பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தார், பிரபஞ்சத்தின் முதல் விண்மீன்கள் எரியத் தொடங்கிய காலத்தின் ஹைட்ரஜன் சமிக்ஞையைத் தேடுகிறார்கள். அது வானத்திலிருந்து வரும் இரைச்சலில் மிக மிக மெலிதான ஒரு பள்ளம். ஆஸ்திரேலியாவில் இயங்கிய எட்ஜஸ் என்ற கருவி 78 மெகாஹெர்ட்ஸை ஒட்டி அந்தப் பள்ளத்தைக் கண்டதாக 2018இல் அறிவித்தது. அதைச் சரிபார்க்க ராமன் நிறுவனம் சாரஸ்-3 என்ற கருவியைச் செய்தது. தட்டின் மேல் நிற்கும் ஒற்றைக் கூம்பே ஆன்டெனா. பட்டை 43.75 முதல் 87.5 மெகாஹெர்ட்ஸ் வரை. பண்பலை ஒலிபரப்பு 88இல் தொடங்குகிறது, அதற்கு முந்தைய புள்ளியில் நிறுத்திக்கொண்டார்கள்.

அவர்களுக்கு இருந்த பயம் நமக்கும் உரியது. ஆன்டெனாவின் கோலம் அலைவரிசைக்கு அலைவரிசை மாறினால், அது வானத்தின் வெவ்வேறு பகுதியை வெவ்வேறு அளவில் கேட்கும். அந்த வேறுபாடே ஒரு பள்ளம்போலத் தோன்றி ஏமாற்றிவிடும். தரையில் வைத்தால் சிக்கல் கூடும். மண்ணுக்குள் ஈர அடுக்கு, உலர் அடுக்கு, பாறை என்று பல இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அலைவரிசையை ஒவ்வொரு விதமாகத் திருப்பி அனுப்பும். எனவே ஆன்டெனாவை மிதவையில் ஏற்றி, 2020இல் கர்நாடகத்தின் தண்டிகானஹள்ளி ஏரியிலும் சராவதி நீர்த்தேக்கத்திலும் மிதக்கவிட்டார்கள். ஆழமான தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, அதில் அடுக்கு கிடையாது. எட்ஜஸ் கண்ட பள்ளம் 95.3 சதவீத நம்பிக்கையில் வானத்துடையது அல்ல என்ற முடிவு 2022 பிப்ரவரியில் நேச்சர் அஸ்ட்ரானமி இதழில் வந்தது. சவுரப் சிங், ரவி சுப்ரமணியன் முதலியோரின் ஆய்வு அது. மீட்டரில் எஸ்.டபிள்யூ.ஆரை மட்டும் பார்த்திருந்தால் இந்த விவாதமே எழுந்திருக்காது.

காலுக்குக் கீழே கரிசல்

கரிசல் மண் அடுக்கு மண்ணுக்கு நல்ல உதாரணம். ஐப்பசி, கார்த்திகையில் நனைந்து உப்பி, மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். சித்திரையில் மேலே காய்ந்து கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். அடியில் மட்டும் ஈரம் கிடக்கும். தரையை ஒட்டி வைத்த ஆன்டெனாவின் கோலம் இந்த இரண்டு காலத்திலும் ஒன்றாக இராது. மாடிக்கு மேலே கம்பம் நட்டு, பல அலைநீள உயரத்தில் வைத்துவிட்டால் இந்தக் கவலை பெரும்பாலும் தீரும்.

தீராத ஒன்று உண்டு. சமவெளியில் நேரே வரும் அலையும் தரையில் பட்டு வரும் அலையும் தொலைவில் ஒன்றையொன்று அழிக்கப் பார்க்கும். இங்கே உயரம்தான் மருந்து. சமதரைக் கணக்கில் கம்பத்தின் உயரத்தை இரட்டித்தால் தொலைவில் 6 டெசிபல் கூடும். கடையில் 6 டெசிபல் லாபத்துக்குக் கொடுக்கும் பணத்தைவிட இரண்டு குழாய் மலிவு. அடிவானமும் தள்ளிப்போகும். மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் ரேடியோ அடிவானம் வரும். 10 மீட்டர் கம்பத்துக்கு 13 கிலோமீட்டர். இரு முனையிலும் 10 மீட்டர் என்றால் 26. கழுகுமலையும் கோவில்பட்டியும் நேர்கோட்டில் 20 கிலோமீட்டருக்குள் இருப்பதால் அது போதும். கோடைக்கானல் மலை 2,000 மீட்டருக்கு மேலே இருப்பதால் அங்கிருந்து 180 கிலோமீட்டர் தாண்டிப் பார்க்கலாம். 120 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கழுகுமலையில் அந்த மலையிலிருந்து வரும் பண்பலை 100.5 கணீரென்று கேட்பது இதனால்தான்.

அந்தக் கணீர் ஒரு தொல்லையும் கூட. அகலப்பட்டை ஆன்டெனா வேண்டியதோடு வேண்டாததையும் சேர்த்துக் கொண்டுவரும். மலிவான யு.எஸ்.பி. ரிசீவர் பலமான பண்பலையில் திணறி, இல்லாத இடத்தில் எல்லாம் பாட்டைக் காட்டும். 88 முதல் 108 வரை அடைக்கும் ஃபில்டர் ஒன்றை ரிசீவருக்கு முன்னால் மாட்டுங்கள். ஆம்ப்ளிஃபயர் வாங்கும் எண்ணம் அதற்குப் பிறகு வரட்டும்.

வயலில் அளந்து பார்ப்பது

கோலத்தைக் கணினியில் வரைந்து பார்க்கலாம், நல்ல இலவச மென்பொருள்கள் உண்டு. ஆனாலும் ஒரு தடவையாவது அளந்து பாருங்கள். அதற்குக் கரிசல் காட்டைப்போல வசதியான இடம் கிடைக்காது. பங்குனியில் அறுப்பு முடிந்தபின் ஆவணி வரை தரிசாகக் கிடக்கும் நிலம் கண்ணுக்கு எட்டிய தூரம் மட்டமாக இருக்கும். மரம் இல்லை, கட்டடம் இல்லை. மின்கம்பி போகாத நிலமாகப் பார்த்துக்கொண்டால் போதும்.

சிறிய சிக்னல் மூலம் ஒன்றை மூங்கில் கம்பின் உச்சியில் கட்டி 20 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். உரிமம் உள்ளவர் அமெச்சூர் பட்டையிலும் மற்றவர்கள் 866இலும் செய்யலாம். குறைந்தபட்சத் தூரம், ஆன்டெனாவின் பெரிய அளவை வர்க்கமாக்கி, இரண்டால் பெருக்கி, அலைநீளத்தால் வகுத்தால் வரும். நம் 70 சென்டிமீட்டருக்கு 868இல் மூன்று மீட்டர்கூட ஆகாது, எனவே 20 தாராளம். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். டிஸ்கோனைப் பி.வி.சி. குழாயில் நிறுத்தி, 15 பாகைக்கு ஒரு முறை திருப்பி, ரிசீவர் காட்டும் டெசிபலைக் குறித்துக்கொள்ளுங்கள். கிடைமட்ட வெட்டு கிடைத்துவிடும். வட்டம் 2 டெசிபலுக்குள் ஒழுங்காக இருந்தால் கம்பிகள் சரியாகப் பொருந்தியிருக்கின்றன.

செங்குத்து வெட்டுக்கு ஏணி வேண்டாம். டிஸ்கோனைப் படுக்க வைத்துவிடுங்கள். மூலத்தின் கம்பியையும் தரைக்கு இணையாகப் படுக்க வையுங்கள், இல்லையென்றால் இரண்டும் ஒன்றையொன்று கேட்காது. இப்போது டிஸ்கோனைத் தரைக்கு இணையாகச் சுழற்றினால், அது நிமிர்ந்து நிற்கும்போது மேலிருந்து கீழ் வரை என்ன செய்கிறதோ அதுவே அளவாக வரும். 145, 435, 866 மூன்றிலும் எடுத்து ஒரே தாளில் மூன்று நிறத்தில் வரையுங்கள். 866இன் கோட்டைப் பார்த்தபின் எந்தப் பெட்டியின் அச்செழுத்தும் உங்களை ஏமாற்ற முடியாது.

நடும் இடம்

வட்டமான கோலத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் உலோகம். கம்பத்தின் உச்சியில் வைத்தால் வட்டம் காப்பாற்றப்படும். பக்கவாட்டில் கை நீட்டி மாட்டினால் கம்பமே ஒரு பிரதிபலிப்பானாக மாறி, ஒரு பக்கம் தூக்கி மறுபக்கம் இறங்கும். குடிநீர்த் தொட்டியின் கைப்பிடிச் சுவர், தகரக் கூரை, செல்போன் கோபுரம் எல்லாம் இதே வேலையைச் செய்யும். கேபிளின் வெளி உறையும் கதிர்வீசப் பார்க்கும். கூம்புக்குக் கீழே கேபிளில் ஃபெரைட் வளையங்களைக் கோத்துவிடுங்கள்.

மலை இருக்கிறதே, அதன் மேல் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். கழுகுமலையின் மேலே எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் இருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட சின்னம். அங்கே துளை போடுவது இருக்கட்டும், கம்பத்தைச் சாய்த்து வைக்கக்கூட நினைக்காதீர்கள். தீப்பெட்டி ஆபீஸ் கூரையும் வேண்டவே வேண்டாம். மருந்து இருக்கும் கட்டடத்தின் மேல் இடியை வாங்கும் கம்பத்தை யாரும் நடக் கூடாது, வாடகை இல்லாமல் இடம் தந்தாலும்.

வேறு எந்தக் குன்றாவது உங்கள் சொந்த நிலத்தில் இருந்தால் கோலத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். 100 மீட்டர் உயரத்திலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளியுள்ள, ரேடியோ மாட்டிய கிணற்று மோட்டார் 11 பாகை கீழே இருக்கிறது. அதிக லாபம் என்று விற்கப்படும் நீளமான ஆன்டெனா, வடையை அப்பளமாகத் தட்டி அடிவானத்தை மட்டும் பார்க்கும். அந்த மோட்டார் அதன் கண்ணில் படாது. அங்கே டிஸ்கோனின் கீழ்ச்சாய்வு குற்றமல்ல, குணம்.

கடைசியாக எர்த். கரிசலில் கோடையில் மண் சுருங்கும்போது எர்த் கம்பியைச் சுற்றி இடைவெளி விழுந்து தொடர்பு அறுந்துவிடும். ஒரு மீட்டர் கம்பி அடித்துத் திருப்தி அடைவது வீண். வெடிப்பு எட்டாத ஆழத்துக்கு, மூன்று மீட்டராவது இறக்கி, சுற்றிலும் பென்டோனைட் நிரப்பி, சித்திரை, வைகாசியில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஸ்டே கம்பியின் முளைகளும் இதே மண்ணில் ஆண்டுக்கு இரண்டு முறை தளரும், இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். டிஸ்கோனின் தட்டு கூம்போடு மின்தொடர்பு இல்லாமல் நிற்பதால் அதில் சேரும் மின்னேற்றம் நேரே ரிசீவருக்குப் போகும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் வாயுக்குழாய் அரெஸ்டர் ஒன்றை மாட்டி எர்த்தோடு இணையுங்கள். இடி இடிக்கும்போது கேபிளைக் கழற்றி வெளியே போடுங்கள். எர்த் குழியைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள், கம்பம் அதற்குப் பிறகு ஏறினால் போதும்.